அரசு கேபிளும் வீட்டு இணையமும்: தகவல் தொழில்நுட்பவியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஆகிய இரண்டின் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நான் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு ஒவ்வொரு வீடாகத் துண்டிக்கப்பட்டு வருகிறது. பிள்ளைகள் வெளியூரில் சம்பாதிக்கும் வீடுகளில் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை இணைய இணைப்பும் ஸ்மார்ட் டிவியும் வந்துவிட்டன. வந்த சில மாதங்களிலேயே, இணையத்தில் எல்லாமே வரும்போது கேபிளுக்குத் தனியாக எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்து, செட்டாப் பாக்ஸ் பரணுக்குப் போய்விடுகிறது. விசைத்தறிக்குப் போய்வரும் குடும்பங்கள் இருக்கும் பின்தெருவிலோ பழைய பெட்டியும் பழைய கேபிளும் அப்படியே இருக்கின்றன. இந்த இரண்டு தெருக்களுக்கும் நடுவில் என்ன நடக்கப்போகிறது என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு தங்கள் துறையிடம் இருக்கிறது என்பதாலும், அந்த வாய்ப்பு நீண்ட காலம் காத்திருக்காது என்பதாலும் இந்த மடலை எழுதுகிறேன்.

இணையவழி ஒளிபரப்பு கேபிள் தொலைக்காட்சியின் இடத்தைப் பிடித்துவிடுமா என்று விவாதிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. வசதியுள்ள வீடுகளில் அது பிடித்துவிட்டது. கேபிள் விநியோக நிறுவனங்களின் அமைப்பு 2025இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, நாட்டில் கட்டணத் தொலைக்காட்சி இணைப்புள்ள வீடுகள் 2018இல் 15.1 கோடியாக இருந்தன. 2024இல் அவை 11.1 கோடியாகச் சுருங்கிவிட்டன. ஆறே ஆண்டுகளில் 4 கோடி வீடுகள் விலகியிருக்கின்றன. அவர்கள் அனைவரும் இணையத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்ல முடியாது. வட மாநிலங்களில் பெரும்பகுதியினர் மாதக் கட்டணமே இல்லாத அரசு செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சேவையில் தமிழ் சேனல்கள் மிகச் சிலவே இருப்பதால், தமிழ்நாட்டில் கேபிளை விடும் குடும்பத்துக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. இங்கே கேபிளை விடுபவர் ஃபைபர் இணைப்புக்குப் போக வேண்டும். முடியாதவர் கைப்பேசியின் சிறு திரைக்குள் ஒடுங்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் தமிழ்நாட்டுக்கான கொள்கையை வகுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேபிள் என்ற அமைப்பின் மீது எனக்குத் தனிப் பற்று எதுவும் கிடையாது. தொழில்நுட்பம் என்ற அளவில் இணையம் மேலானது என்பதை ஏற்கிறேன். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடித் திரைகளில் இணையத்தின் வழியே பார்த்தார்கள் என்று அதை ஒளிபரப்பிய தளம் அறிவித்தது. இத்தனை பேர் பார்த்தால் இணையம் தாங்காது என்று சில ஆண்டுகளுக்கு முன்புவரை சொல்லப்பட்டதற்கு அந்த ஒரு நாளே போதுமான பதில். ஆட்டம் சில நொடிகள் பிந்தி வருவதும், கேபிள் வைத்திருக்கும் வீட்டில் எழும் ஆரவாரத்தைக் கேட்டே விக்கெட் விழுந்ததை இணைய வீட்டினர் அறிந்துகொள்வதும் உண்மைதான். அது பொழுதுபோக்கில் ஏற்படும் சிறு குறை. கொள்கை முடிவை அதை வைத்து எடுக்க முடியாது.

என் கவலை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. பணம், பழக்கம், பொதுநலம் என்று அவற்றைச் சொல்லலாம். பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

கேபிள் கட்டணத்துக்கு ஒரு கணக்கும் அதைக் கேட்க ஓர் இடமும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் அறிவித்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டண ஆணையின்படி, முதல் 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டப்பட்டது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. ஒவ்வொரு கட்டண சேனலும் தன் விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் விலைக்கு உச்சவரம்பும் உண்டு, 2022 நவம்பர் திருத்தத்தின்படி அது 19 ரூபாய். அந்த ஆணை எல்லோருக்கும் நன்மை செய்தது என்று நான் சொல்லவில்லை. அது வந்த பிறகு மாதக் கட்டணம் கூடிய வீடுகள் எங்கள் தெருவிலேயே பல. 2024 ஜூலையில் அந்த அடிப்படைக் கட்டணத்துக்கான வரம்பையே டிராய் நீக்கிவிட்டது. இருந்தாலும், இன்ன சேனலுக்கு இன்ன விலை என்று எழுதிவைத்த ஒரு பட்டியலாவது கேபிள் சந்தாதாரரிடம் இருக்கிறது.

இணையத் தளங்களுக்கு இப்படிப்பட்ட வரம்பு எதுவும் கிடையாது. 2023இல் ஐபிஎல் ஆட்டங்களை ஒரு தளம் முழுக்க இலவசமாகக் காட்டியது. அந்த ஆண்டு எங்கள் தெருவில் பல இளைஞர்கள் கேபிள் வேண்டாம் என்று வீட்டில் பேசி முடித்ததை நேரில் பார்த்தேன். 2025 பிப்ரவரியில் அந்தத் தளமும் போட்டித் தளமும் இணைந்து ஒன்றாகிவிட்டன. தாராளமான இலவசம் போய், சந்தா வந்துவிட்டது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் முதலில் இலவசம், பிறகு இணைப்பு, அதன் பிறகு கட்டணம் என்ற வரிசையில் சந்தாதாரருக்குப் பேரம் பேச இடமே இல்லாமல் போகிறது. சேனலை நடத்தும் நிறுவனமும், தளத்தை நடத்தும் நிறுவனமும், வீட்டுக்கு இணையம் தரும் நிறுவனமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கும் நிலையும் வந்துவிட்டது. ஒரு வீடு தமிழ்ச் சேனல்கள், கிரிக்கெட், இரண்டொரு திரைப்படத் தளங்கள் என்று தனித்தனியாகச் சந்தா கட்டத் தொடங்கினால், அதற்கு மேல் ஃபைபர் கட்டணமும் சேரும்போது, கேபிளுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஆகிறது.

அரசு கேபிள் நிறுவனம் எதற்காகப் பிறந்தது என்பதை இந்த இடத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கேபிள் விநியோகம் ஒருசிலர் கையில் குவிந்துவிடக் கூடாது என்ற பேச்சு எழுந்திருந்த 2007இல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. இடையில் முடங்கிக் கிடந்து, 2011 செப்டம்பரில் மீண்டும் உயிர்பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. அந்த 70 ரூபாய் எங்கள் ஊரில் தனியார் இணைப்பின் விலையையும் கீழே இறக்கியது. அரசு இணைப்பை வாங்காதவர்களும் அதனால் பயன் பெற்றார்கள். பொதுத்துறை ஒன்று சந்தையில் இருப்பதாலேயே கிடைக்கும் இந்தப் பயனை எந்த வரவு செலவு அறிக்கையிலும் காண முடியாது.

அதே நிறுவனம் அடுத்த மாற்றத்தில் பிந்திவிட்டது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் கேபிள் முழுவதும் டிஜிட்டலாக வேண்டும் என்று விதிக்கப்பட்ட கெடு 2012 அக்டோபர் 31. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததோ 2017 ஏப்ரலில். தாமதத்துக்கு மாநில அரசு மட்டும் காரணமல்ல. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இருக்கலாமா என்ற கேள்வியை எழுப்பி ஒன்றிய அமைப்புகள் உரிமத்தை இழுத்தடித்தன. ஆனால் அந்த நான்கரை ஆண்டுகளில் போன சந்தாதாரர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் பெருமளவில் இயங்காமல் போனபோதும் இன்னொரு பகுதியினர் விலகினார்கள். இப்போது இணையம் என்ற அடுத்த மாற்றம் வந்திருக்கிறது. இந்த முறை பிந்தினால் நிறுவனம் மிஞ்சுமா என்பதே ஐயம்.

இனி பழக்கம். என் எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். அவருடைய மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மாவின் ரிமோட்டில் எண்கள் தேய்ந்து மறைந்துவிட்டன. ஆனாலும் எந்தத் தொடர் எந்த மூன்று எண்ணில் வரும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். சென்ற ஆண்டு மகன் நல்ல எண்ணத்தோடு ஒரு ஸ்மார்ட் டிவியும் இணைய இணைப்பும் வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் மாலை தளம் தானாக வெளியேறிவிட்டது. மீண்டும் உள்ளே போவதற்கான ஓடிபி திருப்பூரில் இருக்கும் மகனின் கைப்பேசிக்குப் போயிற்று. அவர் வேலை நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பதில்லை. இரவு அவர் எண்ணைச் சொல்லும்போது அதற்கான நேரம் முடிந்திருந்தது. மறுபடியும் கேட்டு, மறுபடியும் சொல்லி, கடைசியில் நான் போய்ப் பதிவுசெய்து கொடுத்தேன். அடுத்த மாதமே அவர் கேபிள்காரரை அழைத்துப் பழைய இணைப்பை வாங்கிக்கொண்டார். அவருக்குத் தேவை பட்டனை அழுத்தினால் படம் வருவது மட்டும்தான். பழுதானால் அழைத்தால் வருவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உள்ளூரில் முகம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இதைப் பின்தங்கிய மனநிலை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. முதியவர்கள் தனியாக வாழும் வீடுகள் பெருகிவரும் மாநிலத்தில் இது சேவையின் தரம் பற்றிய கேள்வி.

பொதுநலம் என்று நான் சொன்னதுதான் என்னை மிகவும் அலைக்கழிப்பது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு கேபிளில் அதற்கு 200ஆம் எண் தரப்பட்டது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒளிப்பதிவுக் கூடம் அமைத்து, ஆசிரியர்களைக் கொண்டே பாடங்களைத் தயாரித்தார்கள். அப்போது எங்களில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, ஜூலையிலிருந்து பாடங்கள் கல்வித் தொலைக்காட்சி வழியே ஒளிபரப்பானபோதுதான் அதன் அருமை விளங்கிற்று. என் வகுப்பில் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகள் குறைவு. இருந்த வீடுகளிலும் ஒரே கைப்பேசி; அதையும் தந்தை வேலைக்கு எடுத்துப்போய்விடுவார். அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் யாருக்குக் கைப்பேசி என்ற சண்டை. நாள் ஒன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரப்பட்ட டேட்டா, இரண்டு வீடியோப் பாடங்களில் தீர்ந்துவிடும்.

விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு மாணவி, தொலைக்காட்சியில் வந்த கணக்குப் பாடங்களை வரிசையாகத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். பள்ளி திறந்ததும் அதை என்னிடம் காட்டினாள். சில பக்கங்களில் கணக்கு பாதியில் நின்றிருந்தது. மின்சாரம் போனதால் விட்டுப்போனது என்று ஓரத்தில் குறித்திருந்தாள். அந்த நோட்டுக்காக அவள் வீட்டில் எந்தக் கூடுதல் செலவும் ஆகவில்லை. கேபிள் கட்டணம் எப்படியும் கட்டப்பட்டுவந்தது. பெட்டி எப்படியும் இருந்தது. எத்தனை பாடம் பார்த்தாலும் அளவு தீராது. ஒரே சமிக்ஞை எல்லா வீட்டுக்கும் போய்ச்சேர்வதுதான் ஒளிபரப்பின் இயல்பு. இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அதற்கான செலவை ஏற்க வேண்டும். வசதியுள்ளவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கேபிள் ஆபரேட்டரையும் பணிக்கிறது. ஸ்மார்ட் டிவியின் முதல் திரையில் எந்தத் தளம் தெரிய வேண்டும் என்பதையோ தொலைக்காட்சி தயாரிக்கும் நிறுவனங்கள் வணிக ஒப்பந்தங்களின்படி தீர்மானிக்கின்றன. டிடி தமிழும் கல்வித் தொலைக்காட்சியும் அந்தத் திரையில் எங்கே இருக்கும்? தேடுபவருக்குக் கிடைக்கும், தேடத் தெரியாதவருக்கு இல்லாததற்குச் சமம். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கியிருப்பது நல்லது. அதையும் தேடித்தான் நிறுவ வேண்டும். உள்ளூர் சேனல்களின் கதியும் இதுவே. எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவில் கோமதி அம்மனுக்குத் தபசுக் காட்சி கிடைக்கும் நேரத்தை, கூட்டத்துக்குள் போக முடியாத முதியோர் வீட்டிலிருந்தே கும்பிடுவது உள்ளூர் கேபிள் சேனலின் நேரலையால்தான். குடிநீர் வராத நாள், மின்தடை நேரம், மறைவுச் செய்தி ஆகியவை திரையின் அடியில் ஓடும். யூடியூபில் இவற்றைச் செய்ய முடியும், சிலர் செய்தும் வருகிறார்கள். ஆனால் ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கும் இடமாக அது இன்னும் ஆகவில்லை.

இவ்வளவும் சொன்னது, கேபிளை அப்படியே காப்பாற்றுங்கள் என்று கேட்பதற்காக அல்ல. காப்பாற்ற முடியாது. வேறொரு வழி இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் பகுதிக் கேபிள் ஆபரேட்டர். ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சிறிய வெள்ளைப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெளியிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று அதில் நுழைகிறது. ஒரு பக்கம் இணையத்துக்கான துளை. இன்னொரு பக்கம் பழைய கேபிள் டிவி வயரைத் திருகும் அதே வட்ட முனை. ஒரே இழைக்குள் ஓர் ஒளி அலைநீளத்தில் தொலைக்காட்சியும் வேறு அலைநீளத்தில் இணையமும் ஒன்றையொன்று தொடாமல் வருகின்றன என்று விளக்கினார். இணையத்துக்குப் பணம் கட்டாத மாதத்திலும் தொலைக்காட்சி நிற்காது. பழைய செட்டாப் பாக்ஸ் அப்படியே வேலை செய்யும். பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் பழைய டிவியும் வேலை செய்யும்.

அந்தப் பழைய டிவிகளில் 2006க்குப் பிறகு அரசே இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளும் அடக்கம். அவற்றில் பல பழுதாகிப் போயிருந்தாலும், ஓடிக்கொண்டிருப்பவற்றை எங்கள் பின்தெருவில் இன்றும் பார்க்கலாம். அவற்றில் இணையக் கருவி செருகத் துளையே கிடையாது. பிஎஸ்என்எல் நிறுவனம் 2024இல் ஃபைபர் வழித் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த இரண்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நல்ல முயற்சிதான், ஆனால் அது ஸ்மார்ட் டிவி உள்ள வீட்டை முன்னிறுத்தியது. அரசுத் திட்டம் அங்கிருந்து தொடங்கக் கூடாது. இருப்பதில் மிகப் பழைய பெட்டி எது, அதில் படம் வருமா என்று பார்த்துத் தொடங்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன். ஒன்றிய அரசின் கிராமப்புற இணையத் திட்டமான பாரத்நெட்டின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணியைத் தங்கள் துறையின் ஒரு நிறுவனம் செய்கிறது. வீட்டு வாசல்வரை கம்பி கொண்டுபோகத் தெரிந்த கேபிள் ஆபரேட்டர்களோடு பல ஆண்டு உறவுள்ள இன்னொரு நிறுவனமும் தங்கள் துறையிலேயே இருக்கிறது. ஊராட்சி அலுவலகம்வரை வந்து நிற்கும் இழைக்கும், கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கத் தெரிந்தவர் அந்தக் கேபிள் ஆபரேட்டர்தான். எந்த மரக்கிளை எந்த வயரை அறுக்கும், யார் வீட்டு மாடி வழியாகப் போக அனுமதி கிடைக்கும், எந்த வீட்டில் ஐந்தாம் தேதி போனால் பணம் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த இரண்டு நிறுவனங்களின் வீட்டு இணைப்புப் பணியை ஒரே திட்டமாக்குங்கள். ஊராட்சிகளில் இணையச் சேவை வழங்கும் உரிமையில் அந்தந்தப் பகுதிக் கேபிள் ஆபரேட்டருக்கு முதலிடம் தாருங்கள். அவருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். கருவி வாங்க அவருக்குக் கடன் தேவைப்படும். கூட்டுறவு வங்கிகள் வழியே அதற்கு வழி செய்யலாம்.

இது நடக்காத கனவு அல்ல. கேரளத்தில் கேபிள் ஆபரேட்டர்கள் தங்களுக்குள் ஒன்றுகூடி உருவாக்கிய நிறுவனம், அந்த மாநிலத்தின் முன்னணி இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் வந்து துடைத்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் நிலைத்தார்கள். ஆந்திரத்தில் மாநில அரசே ஃபைபர்நெட் நிறுவனத்தைத் தொடங்கி, 149 ரூபாய்க்குத் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி மூன்றையும் சேர்த்து வழங்குவதாக அறிவித்து, உள்ளூர் ஆபரேட்டர்கள் வழியே வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அந்த நிறுவனம் பிற்பாடு பல சிக்கல்களைச் சந்தித்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். விலையை மட்டும் குறைத்துப் பராமரிப்பைக் கவனிக்காவிட்டால் சந்தாதாரர் தங்கமாட்டார். இரண்டையும் தங்கள் அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குக் கேரள வழிதான் நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அங்கே ஆபரேட்டர் முதலாளியாகவும் இருக்கிறார். பழுது பார்க்க ஓடிவர அவருக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது.

தொலைக்காட்சி மட்டும் போதும், இணையம் வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கு அதே கண்ணாடி இழையில் தொலைக்காட்சியை மட்டும் தர வேண்டும். அந்தக் கட்டணம் இன்றைய அரசு கேபிள் கட்டணத்தை மீறக் கூடாது. பிறகு அந்த வீட்டுப் பிள்ளை மேல்படிப்புக்குப் போகும்போது இணையத்தையும் கேட்டால், புதிதாகக் கம்பி இழுக்காமல் அன்றே திறந்துவிடலாம். கல்வித் தொலைக்காட்சி, டிடி தமிழ், உள்ளூர் சேனல் ஆகியவற்றுக்கு மாநிலம் முழுதும் மாறாத எண்களை ஒதுக்கி, பாக்ஸைப் போட்டதும் அவற்றில் ஒன்று திரையில் வரும்படி செய்ய வேண்டும். பாக்ஸின் மென்பொருளும் சந்தாதாரர் தரவும் ஒப்பந்த நிறுவனத்திடம் சிக்கிக்கொள்ளாமல் அரசின் கையிலேயே இருக்க வேண்டும். 2022இல் நடந்ததைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இணையத் தளங்களின் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை என்பதை அறிவேன். ஆனால் டிராயும் ஒன்றிய அமைச்சகமும் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் பெரு நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றன. ஒரே ஆட்டத்தையும் ஒரே தொடரையும் கேபிளில் காட்டினால் விலைப்பட்டியல், இணையத்தில் காட்டினால் எதுவும் இல்லை என்ற ஏற்றத்தாழ்வைப் பற்றித் தமிழ்நாடு அரசும் எழுத வேண்டும். தமிழ்ச் சேனல்களை நடத்தும் நிறுவனங்களோடு லட்சக்கணக்கான வீடுகளின் சார்பில் மொத்தமாகப் பேசி, இணையத் தளச் சந்தாவையும் குறைந்த விலையில் அரசு இணைப்போடு சேர்த்துத் தரும் ஒப்பந்தங்களைச் செய்யவும் முடியும். ஆளுக்கொரு சந்தா கட்டும் தனி வீட்டுக்கு இல்லாத, பேரம் பேசும் வலிமை அரசு நிறுவனத்துக்கு உண்டு. சந்தாதாரர் எண்ணிக்கை குறையக் குறைய அந்த வலிமையும் குறையும். ஆகவே இதைச் செய்யும் காலம் இப்போதுதான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அரசு கேபிளில் இன்று உண்மையில் இயங்கும் செட்டாப் பாக்ஸ்கள் மாவட்டவாரியாக எத்தனை, அவற்றில் கடந்த ஓராண்டில் நின்றுபோனவை எத்தனை, கண்ணாடி இழை எட்டிய ஊராட்சிகளில் வீட்டு இணைப்பு தொடங்கப்பட்டவை எத்தனை, அந்தப் பணியில் சேர்க்கப்பட்ட உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் எத்தனை பேர் என்ற நான்கு எண்களையும், சட்டப்பேரவையில் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் தனி அட்டவணையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் தென்காசி மாவட்டத்துக்கான எண்களை எங்கள் பகுதி ஆபரேட்டர்களும் சந்தாதாரர்களும் படித்து, நேரில் காண்பதோடு ஒப்பிட்டு, தங்களுக்கு மீண்டும் எழுதுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, அரசு கேபிள் சந்தாதாரர்,
சங்கரன்கோவில்.